இடாப்பை நிராகரித்த முப்பத்தெட்டுப் பேர்

மூன்றாம் வாய்க்கால்,
துணுக்காய்.
24.03.2024

தம்பி ஜெயந்தனுக்கு அக்கா ஞானேஸ்வரி எழுதுவது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவனுக்கு என்ன குறை? ஃபோன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். ஃபோனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீ மூன்று வசனத்தில் முடித்துவைப்பாய். தாளில் எழுதினால் குறுக்கே வர முடியாது பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. சிவப்புப் பேனாவைத் தேடாதே.

புதன்கிழமை சிறுபோக விதைப்புக்கான கூட்டம் நடந்தது. குளத்தில் தண்ணீர் குறைவு, அதனால் கமக்காரர் அமைப்பின் இடாப்பில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்தமுறை தண்ணீர்ப் பங்கு. பெயர் உள்ளவர்கள் யாரென்று உனக்கு நான் சொல்லவா? காணிப் பத்திரம் வைத்திருப்பவர்கள். அதில் பாதிப் பேர் கனடாவில். சேற்றில் நிற்பது நாங்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்தில் அடிபட்டு அப்பா இங்கே ஓடிவந்த நாளிலிருந்து நாங்கள்தான். இதைப் பற்றி நீ புத்தகமே எழுதினவன்.

உன்னிடம் நாங்கள் கேட்டது ஒரு சின்ன மனு. "காணியைச் செய்கிறவரின் பெயரையும் இடாப்பில் எழுதுங்கள், தண்ணீரில் பங்கு தாருங்கள்." இவ்வளவுதான். நீ நாலு பக்கம் அனுப்பினாய். கம்பஸில் படிப்பிக்கிற தம்பி எழுதியது என்று பெருமையோடு வீடு வீடாகப் போய் முப்பத்தெட்டுக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கினது நான். ஒருவரும் வாசிக்கவில்லை. நான் முதல் பக்கத்தில் பாதி போனேன். தமிழ்தானா என்று தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துவைத்தேன்.

கூட்டத்தில் செயலாளர் சிவராசா அண்ணை அதை வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப வாசித்தார். "இவ்விடாப்பின் நியாயத்தன்மையையே நாம் நிராகரிக்கிறோம்." பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்:

"இடாப்பே வேண்டாமெண்டு இவையளே எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கினம். பிறகு நான் என்னெண்டு அதுக்குள்ள பேரை எழுதிறது?"

சபை சிரித்தது, தம்பி. எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. நான் ஊரெல்லாம் பகிடி விடுகிறவள், என்னை வைத்தே ஊர் பகிடி விட்டது. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் மனுவைக் கோப்பில் போட்டுப் பூட்டியாகிவிட்டது.

என் மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் இல்லை. விதைநெல் மூட்டை குசினி மூலையில் இருந்து என்னைப் பார்க்கிறது. நீ ஏன் அப்படி எழுதினாய்? கேட்டதை எழுதத் தெரியாதா, இல்லை, கேட்டது உனக்குக் காணாதா? பதில் எழுது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அடுப்புக்குள் போகும்.

அக்கா.

*

கொழும்பு,
29.03.2024

அன்புள்ள அக்கா,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். உங்கள் பகிடிக்குக் கீழே இருக்கிற கோபம் விளங்குகிறது. எனக்கும் கோபம்தான். சிவராசா ஒரே ஒரு வசனத்தைப் பிடுங்கி வாசித்தார். முன்னும் பின்னும் உள்ளதை ஏன் விட்டார் என்று அந்தச் சபையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? வாசிக்காமல் கையெழுத்து வைத்தது என் குற்றமா?

நான் விளங்காமல் எழுதவில்லை. பத்திரம் வைத்திருக்கிறவன்தான் கமக்காரன் என்று சொல்கிறது அந்த இடாப்பு. அதற்குள் எங்களையும் சேருங்கள் என்று கும்பிட்டால், அது சொல்வது சரியென்று நாங்களே சாட்சி சொல்கிறோம். இன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர் உள்ளே போவீர்கள். குத்தகைக் காணிகூட இல்லாமல் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிற பிரியந்தினிக்கு அப்போதும் இடம் இல்லை. அவளுக்கு முன்னால் கதவைப் பூட்டுவது அப்போது நீங்களாக இருப்பீர்கள்.

விமர்சனம் என்பது வாய்ப்பேச்சு இல்லை, அக்கா. இந்த ஒழுங்கு வானத்திலிருந்து விழவில்லை, மனிதர் தங்கள் வசதிக்குச் செய்தது, ஆகவே மாற்றலாம் என்று காட்டுவது. அதை யோசிக்காமல் இறங்குகிற போராட்டம் பழைய அநியாயத்தை வேறு ஆளின் கையால் தொடரும். எங்கள் நாட்டில், எங்கள் வன்னியில், அதை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யோசிக்காதே, செய் என்று சொன்னவர்களுக்குப் பின்னால் போய் எத்தனை பேரைப் புதைத்தோம்?

மனுவைப் பேராசிரியர் சிற்றம்பலமும் பார்த்தார். இருபது வருடத்தில் வன்னியிலிருந்து வந்த மிகத் தெளிவான ஆவணம் என்றார்.

இது ஒரு பக்கம்தான்.

ஜெயந்தன்.

*

மூன்றாம் வாய்க்கால்,
05.04.2024

தம்பி,

ஒரு பக்கம்தான். ஆனால் எழுத்தை எறும்பு மாதிரிச் சிறிதாக்கி இரண்டு பக்கத்தை அதற்குள் அடைத்திருக்கிறாய். கள்ளன்.

பிரியந்தினிக்கு நான் கதவைப் பூட்டுவேன் என்று எழுதினாயே, அந்த வசனத்தை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். "உங்கட தம்பிக்கு என்னில நல்ல இரக்கம் அக்கா, ஒருநாள் வந்து ஒரு பாத்தி புல்லுப் பிடுங்கச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னது பிழையென்று நான் எழுதவில்லை. நீ சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு விசர் வருகிறது. சரியான கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு போகத்தைத் தரிசாக விடலாம் என்று இந்த வருடம்தான் கண்டேன்.

புதைத்த கதையை எடுத்தாய். அதை இனி எடுக்காதே. நீ புத்தகப் பையோடு முகாமுக்குள் வந்தவன். அம்மாவைப் புதைத்தது என் கை.

சரி, விடயத்துக்கு வருகிறேன். பதினாறு பெண்கள் லான்ட்மாஸ்டரில் ஏறிக் கமநல நிலையத்துக்குப் போனோம். பிரியந்தினியும் வந்தாள். அங்கே இருக்கிற உத்தியோகத்தர் நல்ல பிள்ளை, கதிரை போட்டு இருத்தினார். காணிக்காரர் "என் காணியை இவர்தான் செய்கிறார்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்தால், அதை வைத்துப் பெயரை எழுதச் சொல்லி அமைப்பிடம் கேட்கலாம் என்றார். ஒரு காணிக்காரரும் தரமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். செய்கிறவன் பெயர் எழுத்தில் வந்தால் காணி போய்விடும் என்று பயம். அதனால்தானே வருடா வருடம் வாயால் மட்டும் குத்தகை. தாளும் இல்லை, சாட்சியும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய ஆள் தந்தால் மற்றவர்களும் தருவார்கள். யார் அந்தப் பெரிய ஆள்? என் மூன்று ஏக்கரும் யாருடைய காணி?

உன் பேராசிரியருடையது.

அவருடைய தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் எடுத்த காணி. சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது காடு. நீயும் நானும்தான் வெட்டினோம், உனக்குக் கையில் கொப்புளம் போட்டது. பதினொரு வருடமாக நான் விதைக்கிறேன், குத்தகையை இங்கே இருக்கிற அவருடைய மச்சான் செல்வராசா வந்து வாங்கிப் போகிறார். மனுவைப் பாராட்டிய மனிதருக்கு, அதில் முதல் கையெழுத்து வைத்தவள் தன் காணிக்குள் நிற்பவள் என்று தெரியுமா? நீ சொன்னாயா?

உன் புத்தகத்துக்கு அவர்தானே முன்னுரை எழுதினார். நிலம் உழைக்கிறவர்களுக்கு என்று அதில் இருக்கிறது, எங்கள் முன்பள்ளி ரீச்சர் தயாளினி வாசித்துச் சொன்னாள். நல்லது. அவர் நிலத்தைத் தர வேண்டாம். ஒரு கையெழுத்துத் தரட்டும். போய்க் கேள்.

அக்கா.

*

கொழும்பு,
10.04.2024

அன்புள்ள அக்கா,

முதல் கையெழுத்து வைத்தவர் தன் காணியைச் செய்கிறவர் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் என் அக்கா என்பது தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எனக்குச் செய்த ஒவ்வொன்றையும் மற்றவர்கள் வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள்.

கேட்கலாம். ஆனால் இப்போது கேட்கிற நேரமா என்று யோசிக்கிறேன். என்னுடைய நிரந்தர நியமனம் அடுத்த மாதக் குழுவுக்குப் போகிறது, அவர் அந்தக் குழுவில் இருக்கிறார். அதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஒரு பொதுப் பிரச்சினையைக் குடும்ப உதவியாகக் கேட்டால் அதன் அரசியல் கெட்டுப்போகும். உங்களுக்குக் கிடைக்கிற கையெழுத்து மற்ற முப்பத்தேழு பேருக்கும் என்ன செய்யும்? வருகிற காலபோகத்துக்கு முன் ஒரு கருத்தரங்கு வைக்கலாம், காணிக்காரர்களையும் அழைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

புத்தாண்டுக்கு வர முடியாது. பரீட்சைத் தாள் திருத்துகிறேன்.

ஜெயந்தன்.

*

மூன்றாம் வாய்க்கால்,
19.04.2024

தம்பி,

புத்தாண்டுப் பொங்கலில் உன் பங்கை மாடு தின்றது. அது கருத்தரங்கு கேட்கவில்லை.

உன் கடிதத்தில் ஒரே ஒரு உண்மை வசனம் இருந்தது. நியமனம். அதைச் சொன்ன உடனே "அதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை" என்று மூடிவிட்டாய். பயம் என்று எழுதியிருந்தால் நான் கோபிக்கமாட்டேன். நான் பயப்படாத நாள் உண்டா? பயத்துக்கு அரசியல் என்று பெயர் வைத்தாய், அதற்குத்தான் கோபம்.

இனி இங்கே நடந்ததைக் கேள்.

குளத்துத் துருசைத் திறந்து தண்ணீர் விட முன் வாய்க்கால் துப்புரவு. இடாப்பில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் வாய்க்காலில் ஒரு துண்டு, கல்லில் இலக்கம் எழுதியிருக்கும், உனக்குத் தெரியும். வரவு எடுக்கும்போது காணிக்காரரின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். "சிற்றம்பலம்" என்பார்கள், நான் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவேன், சரி போடுவார்கள். பதினொரு வருடமாகப் பேராசிரியர் கொழும்பில் இருந்தபடியே வாய்க்கால் வெட்டுகிறார். ஒருநாளும் முதுகு நோகவில்லை.

துப்புரவுக்கு இரண்டு நாளுக்கு முன் தயாளினி ரீச்சரை இருத்தி உன் மனுவை முழுக்க வாசிப்பித்தோம். கையெழுத்து வைத்த எல்லோரும் வந்தார்கள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பாதி விளங்கவில்லை, கால்வாசிக்குக் கொட்டாவி வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வசனம் வந்தது. "வேலை செய்தவரின் பெயரை எழுதாத இடாப்பு, செய்யாதவரின் சொத்தாகிறது." பிரியந்தினி நிமிர்ந்து, "அதைத் திரும்ப வாசியுங்கோ ரீச்சர்" என்றாள். மூன்று தரம் வாசித்தோம்.

திங்கட்கிழமை எல்லோரும் போனோம். மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அணைக்கட்டில் இருந்தோம். "சிற்றம்பலம்" என்று சிவராசா அண்ணை கூப்பிட்டார். "அவர் வரேல்ல" என்றேன். அடுத்த பெயர். "அவரும் வரேல்ல." முப்பத்தெட்டுப் பெயர் கூப்பிட்டார், ஒருவரும் வரவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டால் வாய்க்காலில் இறங்குவோம் என்றேன். மத்தியானம் வரை வெயிலுக்குள் இருந்தோம். ஏசினார்கள். "வந்தேறியளுக்கு வந்த திமிர்" என்று ஒருவர் சொன்னார், நான் யாரென்று எழுதமாட்டேன், பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கடைசியில் கமநல உத்தியோகத்தர் வந்தார். வாய்க்கால் வெட்டாமல் துருசைத் திறக்க முடியாது, யார் வெட்டினாலும் வெட்டியவரின் பெயரை எழுதத்தான் வேண்டும் என்றார்.

எழுதினார்கள். இடாப்பில் அல்ல, துப்புரவுத் தாளில். ஆனால் முத்திரை குத்தி. பிரியந்தினியின் பெயரும் இருக்கிறது, அவளுக்கு ஒரு பிடி காணி இல்லை, ஆனால் ஒரு துண்டு வாய்க்கால் அவள் வெட்டியது.

நாலு பக்கத்தில் அந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் மார்ச் மாதமே முடிந்திருக்கும். அதை ஏன் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளித்தாய்?

பெயர் தாளில் வந்தாலும் தண்ணீருக்குக் காணிக்காரரின் கடிதம் வேண்டும் என்று நிற்கிறார்கள். போய்க் கேள். இல்லை என்றால் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது. இரண்டில் ஒன்று.

அக்கா.

*

கொழும்பு,
24.04.2024

அக்கா,

பயமாகத்தான் இருந்தது. நேற்றுக் கேட்டேன்.

அவருடைய அறையில் வைத்து, நீங்கள் என் அக்கா என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு சொன்னார்:

"ஒருத்தருக்குத் தனியக் கடிதம் குடுத்தால் கூட்டுப் போராட்டம் பலவீனப்படும், ஜெயந்தன். அந்த இடாப்பின்ர நியாயத்தையே கேள்வி கேட்டவர் நீர். இப்ப அதுக்குள்ள ஒரு பேரை எழுதச் சொல்லி என்னட்டக் கேக்கிறீரா?"

அது என் வசனம், அக்கா. கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் நான் உங்களுக்கு எழுதியது. அது பிழை என்று என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. இப்போதும் அது பிழை இல்லை. ஆனால் அவர் வாயில் அது அவருடைய காணியைக் காவல் காத்துக்கொண்டு நின்றது. என் வாயில் அது எதைக் காத்தது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அடுத்த மாதத்துக் குழுவைத்தான்.

எவ்வளவு சரியான வசனமும், சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான் என்பதைப் பார்க்காவிட்டால் கெட்டுப்போகும் என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். இருநூறு பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள்.

எழும்பும்போது "உம்முடைய அக்காவை நான் சுகம் விசாரித்ததாகச் சொல்லும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜெயந்தன்.

*

மூன்றாம் வாய்க்கால்,
02.05.2024

தம்பி,

உன் பேராசிரியரின் சுகவிசாரிப்பு வந்து சேர்ந்தது. செல்வராசாதான் கொண்டுவந்தார், உழவு மெசினோடு.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். காணியை இனித் தானே செய்யப் போவதாகச் சொன்னார். அப்படி யார் சொன்னது என்று கேட்டேன். கொழும்பிலிருந்து அத்தான் ஃபோன் எடுத்தவர் என்றார். நீ தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிய அன்று பின்னேரமே எடுத்திருக்கிறார். மெசினுக்கு முன்னால் நான் வரம்பில் குந்தினேன். பிரியந்தினியும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். செல்வராசாவுக்கு என்னை ஏற்றிக் கொல்ல மனம் வரவில்லை, பாவம், டீசலும் விலை. திரும்பிப் போனார்.

கேட்கச் சொன்னது நான். அதனால் உன்னை ஏச எனக்கு வாய் இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

நான் ஒருநாளும் அந்தக் காணியைச் செய்யவில்லை, எப்போதாவது கூலிக்கு வந்தவள் என்று கமநல நிலையத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வருடம், தம்பி. துப்புரவுத் தாளைக் கொண்டுபோய் நானும் முறைப்பாடு கொடுத்தேன். தாள் இந்த வருடத்துக்கு மட்டும்தான் பேசுமாம். முந்திய பத்து வருடத்துக்கும் நான்தான் செய்தேன் என்று வாக்குமூலம் எழுதித் தரக்கூடிய ஒரு சாட்சி வேண்டும். ஊருக்குள் காணிக்காரரை எதிர்த்துச் சொல்ல யார் வருவார்கள்? எங்கள் ஆட்கள் சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்பார்கள். விசாரணை பதினைந்தாம் திகதி.

நேற்று மே தினக் கூட்டத்தில் பேராசிரியர் பேசியதைத் தயாளினி ஃபோனில் காட்டினாள். சிவப்புச் சால்வை நன்றாகப் பொருந்துகிறது.

நீ பார்த்ததை எழுதி அனுப்பு. நீ யோசிப்பதை அல்ல.

அக்கா.

*

கொழும்பு,
07.05.2024

அக்கா, இதை விசாரணையில் கொடுங்கள்.

"கமநல உத்தியோகத்தர் அவர்களுக்கு. என் பெயர் ஜெயந்தன், விரிவுரையாளர். மூன்றாம் வாய்க்காலில் காணி உரிமையாளர் ஒருவருக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் வயலை, என் சகோதரி ஞானேஸ்வரி, எனக்குத் தெரிந்த வரையில், 2013 முதல் தொடர்ந்து செய்து வருகிறார் எனலாம். அது காடாக இருந்தபோது நானும் அவரும் வெட்டினோம். நான்கு வருடம் விடுமுறைகளில் நானும் வரம்பு கட்டினேன், விதைத்தேன். ஒவ்வொரு போகமும் குத்தகை நெல் செல்வராசா என்பவரால் எடுத்துச் செல்லப்பட்டது. இது உண்மை."

அக்கா, எழுதி நாலு தரம் கிழித்தேன். இதுதான் மிஞ்சியது. குழு பதினாறாம் திகதி கூடுகிறது.

ஜெயந்தன்.

*

மூன்றாம் வாய்க்கால்,
10.05.2024

தம்பி,

இன்றைக்குத் துருசு திறந்தார்கள். தண்ணீர் நான் வெட்டிய துண்டைக் கடந்து பக்கத்துக் காணிக்குள் போகிறது. விசாரணை முடியும் வரை என் வயலுக்கு மண் போட்டு அடைத்திருக்கிறார்கள். விதைநெல்லை ஊறப் போடவில்லை. இருபதாம் திகதிக்குள் விதைக்காவிட்டால் இந்தப் போகம் இல்லை.

உன் கடிதத்தைத் தயாளினியோடு இருந்து வாசித்தேன். முதல் தடவையாக நீ எழுதிய ஒன்று எனக்கு முழுக்க விளங்கியது. ஆனால் மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறேன், கோபிக்காதே. "எனக்குத் தெரிந்த வரையில்" என்பதை வெட்டினேன். நீ பார்த்தவன். "எனலாம்" என்பதையும் வெட்டினேன். எனலாம் என்றால் எனாமலும் விடலாம். "காணி உரிமையாளர் ஒருவர்" என்று இருந்த இடத்தில் சிற்றம்பலம் என்று எழுதினேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை நீ மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

திருத்தியதை இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் தபாலில் அனுப்பாதே. உத்தியோகத்தரிடம் கேட்டேன், தாள் மட்டும் வந்தால், தம்பி எழுதிக் கொடுத்த தாள்தானே என்று பேராசிரியரின் ஆட்கள் தள்ளுவார்களாம். ஆள் வந்து நின்று சொன்னால் எழுதுவாராம். பேராசிரியரும் வருகிறாராம், காரில். அவருடைய முகத்துக்கு நேரே நின்று நீ இதை வாசிக்க வேண்டும்.

அடுத்த நாள் உன் குழு. தெரியும். வா என்று நான் சொல்வது லேசு, நியமனம் உன்னுடையது. நீ வராவிட்டால் அக்கா செத்துப்போகமாட்டாள், பிரியந்தினியோடு கூலிக்குப் போவேன், அவளுக்கும் துணை. ஆனால் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று எனக்கு எழுதாதே. மிக அழகாக எழுதுவாய், அதில் பிழையும் இருக்காது. அதை வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பதினைந்தாம் திகதி புதன்கிழமை, காலை ஒன்பது மணி. செவ்வாய் பஸ் எடு. பழைய சேட்டு ஒன்று கொண்டு வா. தீர்ப்பு எங்கள் பக்கம் என்றால் அன்றைக்கே அந்த மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும்.

அக்கா.